அக்கா கடைக்கு ஒரு ரோஜாச் சிவப்பு

அக்கா ஒரு துணித் துண்டை என் மேசைமேல் வைத்து, "இந்தக் கலர்தாண்டா வேணும். கிட்டத்தட்டன்னு எதையாவது காட்டாத" என்றாள். உள்ளங்கை அகலப் பட்டு. அவள் கல்யாணப் புடவையோடு வந்த பிளவுஸ் துணியில் தைத்தது போக மிஞ்சியது. இத்தனை வருஷமும் ஊசி, ஊக்கு, பட்டன்களோடு ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்திருக்கிறது.

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு வராந்தாவில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவள் இப்போது கொஞ்சம் தள்ளி ரோட்டுப் பக்கமாகவே ஒரு கடை பிடித்திருக்கிறாள். பிளவுஸ், ஆரி வேலை, புடவைக்கு ஃபால்ஸ், குச்சம். நான் டிசைன் வேலை செய்கிறவன். அதனால் போர்டு, விசிட்டிங் கார்டு, பில் புக், பை, உள்ளே சுவர் எல்லாம் என் தலையில் விழுந்தது. ஐந்திலும் இதே நிறம் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பத்து நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டரை மாதம் ஆனது.

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று, எங்கெல்லாம் சறுக்கினேன் என்பதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

முதலில், அது என்ன நிறம்?

ஜவுளிக்கடைக்காரர்களிடம் சிவப்புக்கு மட்டும் ஒரு டஜன் பெயர் இருக்கிறது. ராணி, அரக்கு, மாதுளை, தக்காளி, குங்குமம், வாடாமல்லி. இந்தத் துண்டு ராணியும் இல்லை, அரக்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பன்னீர் ரோஜா என்று சொல்லவும் முடியாது, அது வெளிர். மாலை கட்டுகிற சிவப்பு ரோஜா சாயங்காலம் கொஞ்சம் துவண்டபின் உள் இதழ் ஒரு நிறத்துக்கு வரும் பாருங்கள், அது.

புடவை ஆரணிப் பட்டு. எங்கள் அப்பா இன்றைக்கும் ஆரணியை "நம்ம வட ஆற்காடு" என்றுதான் சொல்வார். 1989-ல் மாவட்டம் பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது என்பதை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. போகட்டும். துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் முதல் சிக்கல் தெரிந்தது. அதில் அந்த நிறத்து நூல் ஒன்றுகூட இல்லை.

ஓரத்தில் பிரிந்திருந்த இழைகளை ஊசியால் பிரித்து வைத்துப் பார்த்தேன். நெடுக்காக ஓடுகிற பாவு நூல் பளிச்சென்ற ராணி நிறம். குறுக்காக ஓடுகிற ஊடை நூல் அரக்கு. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும்போது கண் இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்க்கிறது. துணியை ஒரு பக்கம் சாய்த்தால் ராணி தூக்கலாக இருக்கும், இன்னொரு பக்கம் சாய்த்தால் அரக்கு மேலே வரும். அக்கா கேட்ட நிறம் எந்த டப்பாவிலும் கிடைக்காது. அவள் கேட்டது உண்மையில் இரண்டு நிறங்களுக்கு நடுவில் நடக்கிற ஓர் அசைவு. அதை நான் அசையாத ஒரே நிறமாக மாற்ற வேண்டும்.

ஸ்கேனரில் வைத்தேன். ஜரிகை கறுப்புக் கோடாக வந்தது. ஜரிகை பளபளப்பானது, ஸ்கேனரின் விளக்கு அதில் பட்டு வேறு திசைக்குத் தெறித்துப் போய்விடுகிறது, கருவியின் கண்ணுக்குத் திரும்பி வருவதில்லை. பட்டும் சற்று அப்படித்தான், அதனால் துணியும் இருண்டு வந்தது. செல்போனில் எடுத்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு மாதிரி ஊதாச் சாயல். ஜன்னல் ஓரம் வேறு. காரணம், போன் தானாகவே வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்கிறது. படம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் 'வெளிச்சம்தான் சிவப்பாக இருக்கிறது போல' என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நீலப் பக்கம் தள்ளிவிடுகிறது.

கடைசியில் உருப்பட்ட வழி இது: காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில், நேர் வெயில் படாத நிழலில், சாதாரண வெள்ளைத் தாள்மேல் துண்டை வைத்து, தாளும் பாதி தெரிகிறமாதிரி எடுத்தேன். மூன்று திசைகளிலிருந்து மூன்று படம். கணினியில் தாளை வெள்ளையாக்கிக்கொண்டு, துணிப் பகுதியை இழை தெரியாத அளவுக்கு மங்கலாக்கி, மூன்றிலும் வந்த நிறத்தின் சராசரியை எடுத்தேன். பிறகு மானிட்டர் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, துண்டைத் திரைக்குப் பக்கத்திலேயே பிடித்துக் கண்ணால் ஒப்பிட்டுக் கொஞ்சம் திருத்தினேன். சிவப்பு 194, பச்சை 30, நீலம் 86. இதில்தான் நின்றது.

இந்த மூன்று எண்ணை அக்காவிடம் சொல்லிப் பயனில்லை. ஆனால் நிறவட்டத்தில் வைத்துக் காட்டியபோது சட்டென்று பிடித்துக்கொண்டாள். வட்டத்தில் சுத்தச் சிவப்பு 0 பாகை, அதாவது 360. மெஜந்தா, அதாவது ஊதா கலந்த இளஞ்சிவப்பு, 300. நம் நிறம் 340-ல் இருக்கிறது. பத்துப் பாகை சிவப்புப் பக்கம் தள்ளினால் குங்குமம் மாதிரி ஆகிறது. பத்துப் பாகை மெஜந்தாப் பக்கம் இழுத்தால் ராணி. இருந்த இடத்திலேயே வைத்து வெளிச்சத்தை மட்டும் 44 விழுக்காட்டிலிருந்து 30-க்கு இறக்கினால் அரக்கு. ஏற்றிக்கொண்டே போனால்? ஏற்றிக் காட்டினேன்.

"இன்னாடா இது, நான் ரோஸ்மில்க் கடையா வெக்கிறேன்?"

இந்த நிறத்தில் எனக்குப் பிடிபட்ட முதல் பாடம் அதுதான். கொஞ்சம் வெள்ளை கலந்தாலும் அது ரோஸ்மில்க் ஆகிவிடுகிறது. நீலத்துக்கு வெள்ளை சேர்த்தால் வெளிர்நீலம், அது இன்னும் நீலக் குடும்பம்தான். சிவப்புக்குச் சேர்த்தால் பெயரே மாறி, சின்னக் குழந்தை பிறந்தநாள் கேக் ஆகிவிடும். அதனால் 'லைட் ஷேட்' எதுவும் கிடையாது, இருந்தால் முழு அடர்த்தியில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது என்று அன்றைக்கே முடிவு செய்தோம். கூட வைக்கும் நிறம் சந்தனச் சாயல் கொண்ட வெள்ளை. எழுத்துக்குக் கறுப்பு. அவ்வளவுதான்.

கார்டு: நானே செய்த தப்பு

அச்சுக்கு ஆர்ஜிபி, அதாவது திரைக்கான அந்தச் சிவப்பு-பச்சை-நீலக் கணக்கு, ஆகாது; சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைக்கு மாற்ற வேண்டும். அவசரத்தில் கணக்குச் சூத்திரப்படி மாற்றினேன். சியான் 0, மெஜந்தா 85, மஞ்சள் 56, கறுப்பு 24. கணக்கு சரிதான். ஆனால் அச்சகத்தில் முதல் தாள் கைக்கு வந்தபோது வயிறு கலங்கியது. காய்ந்த ரத்தம்.

இது அச்சகத்தின் குறை இல்லை. அந்தச் சூத்திரத்துக்கு நிறத்தை ஆழமாக்க ஒரே வழிதான் தெரியும், கறுப்பைச் சேர்ப்பது. 24 விழுக்காடு கறுப்பு என்றால் சிவப்பின்மேல் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி தூவியதுபோல. தூரத்தில் பார்த்தால் அழுக்கு. சிவப்பை ஆழமாக்க வேண்டுமானால் அதற்கு எதிரிலிருக்கும் சியானைக் கொஞ்சமாகத் தொட வேண்டும். கறுப்பை முழுக்க எடுத்துவிட்டு மெஜந்தா 100, மஞ்சள் 55, சியான் 18 என்று வைத்தேன். இரண்டாவது தாளில் நிறம் வந்துவிட்டது. மென்பொருளில் சரியான அச்சு புரொஃபைலை (எந்த மெஷினில், எந்தத் தாளில் மை எப்படி விழும் என்கிற குறிப்பு) தேர்ந்தெடுத்து மாற்றியிருந்தால் அதுவே ஏறக்குறைய இப்படித்தான் கொடுத்திருக்கும். குறுக்கு வழியில் போனது நான்.

ஆனால் நிறம் வந்ததும் எழுத்து போயிற்று. கார்டின் பின்பக்கம் முழுக்க ரோஜாச் சிவப்பு, அதன்மேல் முகவரி வெள்ளை எழுத்தில், 6 பாயின்டில். இங்கிலீஷ் எழுத்தாக இருந்திருந்தால்கூடத் தப்பித்திருக்கும். தமிழில் சுழிகள் இருக்கின்றனவே. ண, ஞ, ணை, ஒ எல்லாவற்றின் வயிற்றிலும் மை புகுந்து அடைத்துக்கொண்டது. மூன்று மை ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது, ஏதாவது ஒன்று முடியளவு நகர்ந்தாலும் மெல்லிய வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் ஒரு சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்க்கும். 'வேலூர்' என்பதில் ஊகாரச் சுழி பாதி காணவில்லை.

எழுத்தைப் பெரிதாக்கலாம், தடிமனாக்கலாம். நான் இடத்தையே மாற்றினேன். ரோஜாச் சிவப்பு கடைப்பெயருக்கு மட்டும், பெரிய எழுத்தில், சந்தனவெள்ளை அட்டைமேல். முகவரியும் போன் நம்பரும் கறுப்பில், கறுப்பு மை ஒன்றே ஒன்றில். ஒரே மை என்றால் நகர்வதற்கு இன்னொன்று இல்லை. 8 பாயின்டில் கத்திமுனை மாதிரி வந்தது. பின்பக்கம் ஒரு கோடி மூலையில் மட்டும் சின்னக் கட்டமாக நிறம். கொஞ்சமாக வைத்தபின்தான் அது விலை உயர்ந்ததாகத் தெரிந்தது.

தங்க எழுத்துச் சண்டை

போர்டுக்கு வந்தோம். அக்காவுக்கு ரோஜாச் சிவப்புமேல் தங்க நிற எழுத்து வேண்டும். "புடவையில அழகா இருக்குதே, போர்டுல மட்டும் இன்னா வந்துச்சு?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

இணையதளங்களில் எழுத்தும் பின்னணியும் படிக்கிற அளவுக்கு விலகி நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு அளவு உண்டு. இரண்டின் ஒளிர்வையும் வைத்து ஒரு விகிதம் போடுவார்கள். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 இருக்க வேண்டும் என்பது விதி. நம் ரோஜாச் சிவப்புமேல் வெள்ளை வைத்தால் 5.8 வருகிறது. சந்தனவெள்ளை 5.5. கறுப்பு 3.6 தான், அதனால் அடர்சிவப்பில் கறுப்பு எழுத்து தூரத்தில் கரைந்துவிடும். டிசைனில் 'தங்கம்' என்று வழக்கமாகப் போடுகிற அந்தக் கடுகு மஞ்சளை வைத்தேன். 2.8. பெரிய எழுத்துக்கான விதியைக்கூடத் தாண்டவில்லை.

எண்ணால் அக்கா மசியவில்லை. ஏ4 தாள்களை ஒட்டி இரண்டு மாதிரி எடுத்து, கடை ஷட்டரில் மாட்டி, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் அவளை நிறுத்தினேன். சந்தனவெள்ளை எழுத்தைப் படிக்க முடிகிறது. தங்கத்தைப் படிக்க முடியவில்லை, ஏதோ எண்ணெய்க் கறை மாதிரி இருக்கிறது. அப்போதும் "புடவையில தெரியுதே" என்றாள்.

புடவையில் தெரிவது ஜரிகையின் நிறத்தால் இல்லை, மின்னுவதால். நாம் நடக்கும்போதும் மடிப்பு திரும்பும்போதும் அது ஒரு கணம் வெள்ளையாகவே பளிச்சிடுகிறது, அடுத்த கணம் இருள்கிறது. அந்த அசைவைத்தான் கண் 'தங்கம்' என்று படிக்கிறது. மையில் அடித்த தங்கம் அசையாது. அது வெறும் பழுப்பு மஞ்சள். பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்த துண்டை மேசையில் அசையாமல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். "மங்கலாத்தான் கீது" என்று ஒப்புக்கொண்டாள்.

போதாக்குறைக்கு, அடர்சிவப்புப் பக்கத்தில் வந்தால் மஞ்சள் கொஞ்சம் பச்சையடித்துத் தெரியும். இதை முதன்முதலில் விரிவாக எழுதியவர் செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோபெலின் சித்திரத்திரை நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்திருக்கிறது. அவர் ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் கோளாறு இல்லை. அந்த நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது. 1839-ல் இதைப் பெரிய புத்தகமாகவே போட்டார். நம் ஊர் நெசவாளர்கள் புத்தகம் போடவில்லை, ஆனால் ரோஜா நிற உடம்புக்குக் கிளிப்பச்சை பார்டர் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும் என்பதைத் தறியில் செய்து காட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

கிளிப்பச்சை பார்டரையும் போர்டில் போட்டுப் பார்த்தேன், சொல்லாமல் இருந்தால் எப்படி. பச்சையும் சிவப்பும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருந்ததால் ஓரம் துடித்தது. திருவிழா சீரியல் லைட் மாதிரி. எடுத்துவிட்டேன்.

போர்டும் வெயிலும்

எங்கள் ஊரை வெயிலூர் என்று கேலி செய்வார்கள். கடை மேற்குப் பார்த்தது. மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு வரை போர்டுமேல் வெயில் நேராக அடிக்கும்.

ஒரு வருஷம் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களைக் கவனித்துப் பார்த்தால் எல்லாம் நீலமாக இருக்கும். வெயில் மெஜந்தாவையும் மஞ்சளையும் முதலில் தின்கிறது. சியானும் கறுப்பும் தாக்குப்பிடிக்கின்றன. நம் நிறத்தில் இருப்பதோ முழுக்க முழுக்க மெஜந்தாவும் மஞ்சளும். அதாவது வெயிலில் வைக்கவே கூடாத கலவை. இதை யோசிக்காமல் முதலில் சீப்பாக ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டினேன், திறப்பு விழா தேதி நெருங்கிவிட்டது என்று. சித்திரை வெயிலில் ஆறே வாரம். அக்கா போன் செய்தாள். "டேய், ரோஸ்மில்க் வந்துடுச்சு."

இரண்டாவது போர்டில் அச்சே இல்லை. ஏசிபி என்கிற அலுமினியப் பலகை சந்தனவெள்ளையில், அதன்மேல் நிறம் உள்ளேயே ஊறிய வினைல் ஷீட்டை வெட்டி ஒட்டிய எழுத்து. அதாவது பின்னணி வெளிர், எழுத்து ரோஜாச் சிவப்பு, கார்டில் செய்தது போலவே. இதில் ஒரு லாபம்: நிறம் மங்கினாலும் எழுத்தை மட்டும் பிய்த்து மாற்றலாம். வினைல் கடையில் நம் நிறம் அப்படியே கிடைக்கவில்லை. சிவப்பு வரிசையில் ஒன்பது மாதிரி இருந்தது. துண்டை எடுத்துப்போய், கடைக்கு வெளியே ரோட்டில் நின்று வெயிலில் ஒப்பிட்டு, இரண்டைப் பொறுக்கி, அதில் கொஞ்சம் இருண்டதை எடுத்தேன். வெளியில் மாட்டும்போது வெயிலில் எல்லா நிறமும் ஒரு படி வெளிறித்தான் தெரியும் என்பதால்.

ராத்திரி வெளிச்சத்துக்கு அக்ரிலிக் எழுத்து வைத்து உள்ளே எல்இடி போடலாம் என்று ஒருவர் சொன்னார். மாதிரிக்கு ஓர் எழுத்து செய்து பார்த்தோம். பகலில் அருமை. இரவில் உள்ளே வெள்ளை எல்இடியைப் போட்டால் எழுத்து இருண்ட மண்சிவப்பாக, பாதி செத்த மாதிரி எரிந்தது. சிவப்பு அக்ரிலிக் சிவப்பு ஒளியை மட்டும்தான் வெளியே விடும். பளிச்சென்ற வெள்ளை எல்இடியில் நீலம்தான் அதிகம், ஆழ்ந்த சிவப்பு கொஞ்சமே. விட வேண்டியது உள்ளே இல்லை, பிறகு எதை விடும்? உள்ளே சிவப்பு எல்இடி போட்டால் நன்றாக எரியும், ஆனால் மருந்துக்கடைச் சிவப்பாகிவிடும், ரோஜா போய்விடும். அந்த யோசனையை விட்டுவிட்டு, போர்டுக்கு மேலே இரண்டு மஞ்சள் வெளிச்ச ஃபோகஸ் லைட் வைத்துக் கீழ்நோக்கித் திருப்பினோம். அதுவே போதும்.

சுவர்

நாலு சுவரும் வேண்டும் என்றாள். நான் மறுக்கவில்லை, பெயின்ட் கடையில் மெஷினில் கலக்கி ஒரு லிட்டர் வாங்கிவந்து ஒரே சுவரை அடித்துப் பார்ப்போம் என்றேன்.

முதல் கோட் அடித்ததும் பெயின்டர் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வெள்ளைப் பட்டி அப்படியே தெரிந்தது, வெற்றிலை எச்சில் வழித்த மாதிரி. இந்த மாதிரி அடர்நிறங்களை வெள்ளை அதிகம் இல்லாத பேஸில்தான் (நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயின்ட்) கலக்குவார்கள். வெள்ளை இருந்தால் வெளிறிவிடுமே. ஆனால் சுவரை மூடுகிற சக்தி அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கண்ணாடி மாதிரி, எத்தனை கோட் அடித்தாலும் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். மூன்று கோட் ஆகியும் ரோலர் போன தடம் தெரிந்தது. பிறகு அவர்தான் வழி சொன்னார்: பக்கத்துச் சுவரில் முதலில் சாம்பல் நிற பிரைமர், அதன்மேல் நிறம். இரண்டே கோட்டில் மூடியது. ஈரத்தில் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது வெளிறித் தெரிந்து காய்ந்ததும் ஒரு படி இறங்கும்.

ஆனால் நாலு சுவர் யோசனையைக் கொன்றது பெயின்ட் இல்லை. மறுநாள் அக்கா கட்டிங் மேசையில் ஒரு வெள்ளை பிளவுஸ் துணியை விரித்தாள். அது இளஞ்சிவப்பாக இருந்தது. சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமே சிவப்பு. நூல் பெட்டியைத் திறந்தால் கிரீம் எது, பீச் எது தெரியவில்லை. லைனிங் மேட்ச் பார்ப்பதே தொழிலாக இருக்கிற ஒரு கடைக்குள் இப்படி ஒரு சுவர்! அழகு பார்க்கப்போய் கண்ணைக் குருடாக்கிக்கொள்வதுபோல. வாடிக்கையாளர் கொடுத்த புடவைக்குத் தப்பான நிறத்தில் லைனிங் போட்டால், கடைக்கு நல்ல நிறம் வைத்திருக்கிறார்கள் என்று யாரும் மன்னிக்கப் போவதில்லை.

கட்டிங் மேசையைச் சுற்றியுள்ள மூன்று சுவரும் சந்தனவெள்ளைக்குத் திரும்பின. ரோஜாச் சிவப்பு கவுன்டருக்குப் பின்னால் இருக்கிற சுவரில் மட்டும், அதுவும் ரோட்டிலிருந்து நுழைகிறவர்களுக்கு நேராகத் தெரிகிற இடத்தில். தைத்த பிளவுஸ்களை மாட்டுகிற கம்பி அதன்முன். வெந்தய மஞ்சள், மயில்நீலம், பாட்டில் பச்சை எதை மாட்டினாலும் அந்தச் சுவரின்முன் எடுப்பாக நிற்கிறது. ராணி நிற பிளவுஸ் மட்டும் காணாமல் போய்விடுகிறது; அதை வேறு கம்பிக்கு மாற்றிவிட்டாள். முழு மேட் பெயின்ட் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடர்நிற மேட் சுவரில் கை பட்டால், ஹேங்கர் உரசினால், வெளுப்பாகக் கோடு விழும். லேசான மினுமினுப்பு உள்ளதை எடுத்தால் துடைக்கலாம்.

டியூப்லைட்டுகளையும் மாற்ற வேண்டி வந்தது. எல்இடி பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு. 80 என்றால் பரவாயில்லை என்று நினைப்போம். அந்த எண் எட்டு மாதிரி நிறங்களின் சராசரி. அந்த எட்டிலும் அடர்சிவப்பு கிடையாது. ஆர்9 என்று தனியாக ஒன்பதாவதாக அதை அளக்கிறார்கள், பெட்டியில் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. அதனால்தான் 80 போட்ட லைட்டில் சுவர் செங்கல்பொடியாகத் தெரிந்தது. 90-க்கு மேல் உள்ள நாலு லைட் வாங்கிப் போட்டோம். சுவருக்காக வாங்கியதில் நூல் மேட்ச் பார்ப்பதும் சுலபமாகிவிட்டது.

மஞ்சப்பை

2019-ல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததிலிருந்தே அக்கா துணிப்பைதான் கொடுக்கிறாள். 2021 கடைசியில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தபிறகு எல்லாம் மஞ்சள் பை. அதன்மேல் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கடைப்பெயர்.

கலந்த மையைத் தாளில் தொட்டுப் பார்த்தோம், சரியான ரோஜா. பையில் இழுத்தோம். குங்குமம். மை மெல்லியது, மஞ்சள் துணி அதன் ஊடாக மேலே வருகிறது. ரோஜாவில் இருந்த கொஞ்ச நீலச்சாயலை மஞ்சள் விழுங்கிவிட்டது. அடியில் வெள்ளை ஒரு முறை அடித்து, அது காய்ந்தபின் ரோஜா அடித்தால் சரியாகும், ஆனால் பைக்கு இரட்டை வேலை, இரட்டைக் கூலி. மெஜந்தாவை ஏற்றிப் பார்த்தேன், சேறாயிற்று.

மன்னிப்பு கேட்கிற முகத்தோடு அந்த முதல் பையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினாள். "மஞ்சளும் குங்குமமுமா இருக்குதுடா. இதை ஏன் மாத்தணும்?" முந்நூறு பை அப்படியே அடித்தோம். அவ்வளவு பாடுபட்டுத் துண்டோடு ஒப்பிட்ட எனக்கு அவள் அதை ஒரு நொடியில் விட்டுக்கொடுத்தது கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

பில் புக்குக்கு நான்கு மை கட்டுப்படியாகாது. அது மேப்லித்தோ என்கிற பூச்சில்லாத தாள், மையைக் குடித்துவிடும், நான்கு மையில் அடித்தாலும் மங்கிப்போகும். சிங்கிள் கலர் மெஷினில் ஓட்டுகிற ஒரு சின்ன அச்சகத்துக்குப் போனேன். அங்கே மெஷின் பார்க்கிற பெரியவர் என் எண்களைக் கேட்கவே இல்லை. துண்டை வாங்கி ஜன்னல் பக்கம் போய் இரண்டு தரம் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடிப் பலகைமேல் மெஜந்தாவையும் சிவப்பையும் கத்தியால் எடுத்துப் போட்டு அரைத்தார். விரல்நுனியால் துளி தொட்டு, பில் புக் தாளிலேயே தட்டித் தட்டிப் பரப்பினார். துணியைப் பக்கத்தில் வைத்தார். கடுகளவு நீலம் சேர்த்தார். மறுபடி தட்டினார். மூன்றாவது தட்டலில் எனக்குத் துணி எது, தாள் எது என்று தடுமாறியது. மொத்தம் கால் மணி நேரம் ஆகியிருக்கும். மொட்டை மாடியில் நான் செலவழித்த ஞாயிற்றுக்கிழமைகளை அவரிடம் சொல்லவில்லை.

போர்டு மாட்டிய அன்று அதே வினைலில் ஒரு பட்டை வெட்டி மேசை டிராயரில் இருட்டில் போட்டு வைத்திருக்கிறேன். மாசத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி, எழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது. ஐந்து மாதத்தில் ஓரளவு ஒன்றாகத்தான் இருக்கிறது. அக்னி நட்சத்திரம் இன்னும் வரவில்லை. பெரியவர் கலந்த மை அரை டின் மிச்சம் இருந்தது, அக்கா அதை வாங்கிவந்து பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்; எதற்கு என்று கேட்டால் "இருக்கட்டும்" என்கிறாள்.